பழைய மாருதி 800: ஸ்கிராப் பாகங்களை வைத்து பிரேக், சஸ்பென்ஷனைத் தேற்றுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. வண்டிகள் நிற்கவில்லை. அப்பா வாங்கியது என்று விற்க மனம் வராதவர்களிடமும், கார் பழக ஒரு வண்டி போதும் என்று குறைந்த விலைக்குப் பிடித்தவர்களிடமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும் யோசனைதான் இது: சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், மாருதியின் வேறு கார்களான ஜென் அல்லது எஸ்டீம் பாகங்களை அள்ளி வந்து மாட்டினால் வண்டி நன்றாக நிற்குமா, ஆடாமல் ஓடுமா? அதையொட்டி வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

800-இன் பிரேக் உண்மையிலேயே போதாதா?

போதும். நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மறுக்கும் உண்மை இது. ஏறக்குறைய 650 கிலோ எடையுள்ள வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நல்ல நிலையில் இருக்கும் 800-இல் பெடலை முழு பலத்தோடு மிதித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு பிரேக்கில் பலம் இருக்கிறது என்றால், அதற்கு மேல் வண்டியை நிறுத்த வேண்டியது டயர்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த சாலையில் சுமாரான பிடிப்போடு நிற்க 31 முதல் 36 மீட்டர் வரை ஆகும். டிஸ்க் பெரிதோ சிறிதோ, இந்தத் தூரம் பெரிதாக மாறாது. கால் பெடலுக்குப் போவதற்குள் ஒரு விநாடி தாமதித்தாலே வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். டயர் கல்லாக இறுகிப்போயிருந்தால் டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் எதுவும் காப்பாற்றாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அப்படி ஒரு டயரை ஓட்டிக்கொண்டு டிஸ்க்கை மாற்றலாமா என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அப்படியென்றால் என் 800 மட்டும் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

இருபது வருடம் ஆன வண்டியில் பிரேக் என்று இருப்பது பிரேக்கின் மிச்சம்தான். பின் டிரம்முக்குள் லைனரும் டிரம்மும் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோயிருக்கும். அதனால் பெடல் பாதி ஆழம் போன பிறகுதான் பிடிக்கும். காலிப்பரின் ஸ்லைடர் பின்னில் கிரீஸ் காய்ந்துபோய், ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதிக்கும்போது ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது, அந்தச் சக்கரம் இழுத்துக்கொண்டே ஓடும். பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருடமோ, யாருக்கும் நினைவிருக்காது.

இவை எல்லாவற்றையும் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். புது பேட், புது லைனர், நான்கு மூலைக்கும் புது ரப்பர், புது ஆயில், அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தல். பத்துக்கு எட்டுப் பேருக்கு அதற்குப் பிறகு ஸ்கிராப் கடைக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது என்பது என் கருத்து.

காயலான் கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது?

இரும்பை வாங்குங்கள். ரப்பரையும், தேயும் பாகத்தையும், ஆயில் அழுத்தத்தைத் தாங்கும் சீலையும் வாங்காதீர்கள்.

நக்கிள் (முன் சக்கரத்தைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் இரும்பு), ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), காலிப்பரின் வார்ப்பு உடல், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், லோயர் ஆர்ம் (சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தைப் பாடியோடு இணைக்கும் கை), பின் ஆக்சில், பெடல் அசெம்பிளி, பிரேக் டிரம், சக்கர ரிம் ஆகியவையெல்லாம் வளையாமல், விரிசல் விடாமல், துரு ஆழமாகத் தின்னாமல் இருந்தால் புதியதற்குச் சமம்தான். இவற்றைப் புதிதாக வாங்கப் போனால் ஒன்று கிடைக்காது, அல்லது வண்டியின் மதிப்புக்கு ஒவ்வாத விலை சொல்வார்கள். ஸ்கிராப்பின் பலன் முழுவதும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

பேட், லைனர், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை), வீல் பேரிங் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். 800-க்கும் பழைய ஆல்டோவுக்கும் இவை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான இடங்களில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. விலையும் கையைக் கடிக்காது. பெடலை மிதித்ததும் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உடல் நன்றாக இருந்தால் சீல் கிட் போட்டு ஓட்டலாம் என்பார்கள். உள்சுவரில் துருக் குழி ஒன்று இருந்தாலும் புது சீல் சில மாதத்தில் கிழிந்துவிடும். நான் புதிதுதான் வாங்கச் சொல்வேன்.

டிஸ்க்கையும் டிரம்மையும் அளக்காமல் வாங்காதீர்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ ஹப் பக்கமோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் இருக்கும். லேத்தில் டர்னிங் போட்டுச் சமன்படுத்திய பிறகும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் “டர்னிங் போட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்” என்பார். டர்னிங் என்பது இருக்கும் இரும்பைச் சீவி எடுப்பதுதான். ஏற்கெனவே மெலிந்த டிஸ்க் அதனால் இன்னும் மெலியும்.

காலிப்பரைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசு ரப்பரை நகத்தால் நெம்பி விலக்குங்கள். அதன் கீழே தெரியும் பிஸ்டன் பளபளப்பாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பழுப்பாகக் கறை படிந்திருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் சரி. போகாமல் ஊசி முனை அளவு குழிகள் விரல் நுனிக்குத் தட்டுப்பட்டால், கீழே வைத்துவிடுங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புது பேட் போட்டு உள்ளே தள்ளும்போது அந்தக் குழி சீல் மீது போய் நிற்கும், அங்கேயே கசியும்.

அடுத்து பிளீடர் திருகு. பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை இதன் வழியாகத்தான் வெளியேற்றுவார்கள், ‘ஏர் எடுப்பது’ என்பது அதைத்தான். அது முறிந்திருந்தாலோ, ஸ்பேனர் பிடிக்காத அளவுக்கு முனை உருண்டிருந்தாலோ ஏர் எடுக்கவே முடியாது. கடையிலேயே ஒரு ஸ்பேனர் வாங்கி லேசாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்லைடர் பின்கள் கையால் இழுத்தால் நகர வேண்டும். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட் உட்காரும் முகத்தில் கீறல் கூடாது. இடது, வலது இரண்டும் ஒரே வண்டியில் இருந்து வந்தவையா என்றும் கேளுங்கள். மாட்டினால் பிளீடர் மேல்பக்கம் வர வேண்டும். இடதும் வலதும் மாறிப்போனால் பிளீடர் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சீல் கிட் போடாமல் மாட்ட வேண்டாம். கழுவ பெட்ரோலோ மண்ணெண்ணெயோ டீசலோ கூடாது. பட்டறைகளில் கைக்குக் கிடைத்ததில் கழுவுவது வழக்கம். பிரேக் ரப்பர் பெட்ரோலியம் பட்டால் உப்பிவிடும். சுத்தமான பிரேக் ஆயிலிலேயே கழுவலாம், அல்லது பிரேக் கிளீனர் ஸ்பிரே.

என் 800-இல் பூஸ்டர் இல்லை. ஸ்கிராப்பிலிருந்து எடுத்து மாட்டலாமா?

இந்தப் பக்கத்திலேயே செலவுக்கு ஏற்ற பலன் தரும் மாற்றம் இதுதான். பழைய கார்பரேட்டர் 800-களில் பல பூஸ்டர் இல்லாமல் வந்தவை. பட்டறையில் ‘பவர் பிரேக்’ என்பது இந்தப் பூஸ்டரைத்தான். அது பிரேக்கின் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, உங்கள் கால் போட வேண்டிய பலத்தைக் குறைக்கிறது. மெலிந்த உடல்வாகு உள்ளவர், வயதானவர் வண்டி ஓட்டும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது.

பூஸ்டரை மட்டும் தனியாக வாங்காதீர்கள். பூஸ்டர் வைத்து வந்த 800 ஒன்றை உடைக்கும் கடையாகப் பார்த்து, பெடல், அதன் பிராக்கெட், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், வேக்குவம் ஹோஸ், ஹோஸில் இருக்கும் ஒருவழி வால்வு எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் இரும்புப் பைப்புகளையும் கேளுங்கள். மாஸ்டர் சிலிண்டர் முன்னே தள்ளி உட்காருவதால் பழைய பைப் எட்டாது. அதை வளைத்து இழுத்து மாட்டினால் விரிசல் விடும்.

பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள புஷ் ராடின் நீளத்தை அசலாக இருந்தபடியே விடுங்கள். மில்லிமீட்டர் கணக்கில் நீண்டாலும் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகப் பின்வாங்காது. ஆயில் திரும்பும் துவாரம் மூடியே இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் சூட்டில் ஆயில் விரிந்து, நான்கு சக்கரமும் தானாகப் பிடித்துக்கொள்ளும். வேக்குவம் எடுக்க இன்டேக் மேனிஃபோல்டில் இணைப்பு வேண்டும். அடைப்பு போட்ட துளை இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மேனிஃபோல்டையும் அந்த வண்டியிலிருந்தே எடுப்பது சுலபம்.

சோதிக்கும் முறை: எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை நான்கைந்து முறை மிதித்து, கடைசியாக மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

மாஸ்டர் சிலிண்டர் பெரிதாக இருந்தால் பிரேக் கூடுமா?

குறையும். பெரிய விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைவு. பெடல் மேலேயே கெட்டியாக நிற்பதால் நன்றாகப் பிடிப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். 13/16 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 16 சதவீதம் கூடுகிறது, அழுத்தம் அதே விகிதத்தில் இறங்குகிறது. காலிப்பர் பிஸ்டனும் பெரிதாக மாறியிருந்தால் மட்டும் இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. விட்டம் பெரும்பாலும் சிலிண்டரின் வார்ப்பிலேயே பொறித்திருக்கும்.

ஜென், எஸ்டீம் முன் பிரேக்கை 800-க்குப் போடலாமா?

போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 800-க்குள் ஜெனின் 993 சிசி எஞ்சினையோ அதைவிடப் பெரியதையோ இறக்கி வைத்தவர்கள். பந்தயத்துக்கோ ராலிக்கோ வண்டி தயார் செய்பவருக்கு அது அவசியம். பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஓடும் வண்டிக்கு அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இருந்தாலும் செய்ய முடிவெடுத்துவிட்டால், காலிப்பரை மட்டும் வாங்கிவந்து பிராக்கெட்டை வெல்டு வைக்கும் யோசனையை அடியோடு விடுங்கள். பிரேக்கின் முழு பலமும் அந்தப் பிராக்கெட் மீதுதான் விழுகிறது. நக்கிள், ஹப், டிஸ்க், காலிப்பர், ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (எஞ்சினின் சுழற்சியை முன் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு) என்று ஒரு மூலை முழுவதையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த பின்பும் உங்கள் வண்டியோடு அது சேரும் இடங்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்: லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டின் தண்டு, ஸ்டியரிங் டை ராட் எண்டின் கூம்பு, சிவி ஜாயிண்டின் ஸ்பிளைன் பற்கள், ஸ்டிரட்டின் மேல் மௌண்டில் உள்ள போல்ட் இடைவெளி, டிரைவ் ஷாஃப்டின் நீளம். ‘எல்லாம் சுசுகிதானே, உட்காரும்’ என்ற பேச்சை நம்பி காசு கொடுக்காதீர்கள். உங்கள் பழைய நக்கிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டிய பிரச்சினை சமநிலை. முன்னால் மட்டும் பலத்தைக் கூட்டினால், பின் பிரேக் செய்யும் பங்கு குறைந்து முன் டயர் சீக்கிரம் பூட்டும், நிற்கும் தூரம் கூடும். பின்னால் கூட்டினாலோ அதைவிட ஆபத்து. பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். மழையில் ஒருமுறை நடந்தால் போதும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அடக்கும் வால்வு அந்தந்த வண்டியின் எடைக்கு ஏற்ப அமைத்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ‘டி’ இணைப்பு போடும் மெக்கானிக்குகள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பின்னாலும் டிஸ்க்?

வேண்டாம். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், இந்த மாதிரி முன் சக்கர டிரைவ் வண்டியில் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. ஹேண்ட்பிரேக் அமைப்பையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். டிரம்மைச் சுத்தமாக வைத்தால் போதும். ஒன்று மட்டும்: டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயாலோ ஏர் கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

13 அங்குல ரிம் போடலாமா? ஸ்விஃப்ட் அலாய் சேருமா?

ஸ்விஃப்ட் அலாய் சேராது. 800-இல் நான்கு போல்ட்டும் அமையும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, 114.3 மி.மீ. ஸ்விஃப்டில் 100 மி.மீ. எதிரெதிர் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் கடையிலேயே தெரிந்துவிடும். அடாப்டர் தட்டு வைத்து மாட்டித் தருகிறோம் என்பார்கள். அது சக்கரத்தை வெளியே தள்ளும், பேரிங் மீது சுமை ஏற்றும், ஸ்டியரிங் கனக்கும். மறுத்துவிடுங்கள்.

பழைய ஜென்னின் 13 அங்குல ரிம்மை 800-க்குப் போடுவது காலம்காலமாக நடப்பதுதான். டயர் அளவில்தான் சறுக்குகிறார்கள். 145/70 ஆர்12 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 508 மி.மீ. 145/70 ஆர்13 போட்டால் 533 ஆகிறது, 5 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 84-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். முதல் கியரில் இழுவை குறையும். பிரேக் விஷயத்தில் யாரும் யோசிக்காத விளைவு ஒன்று உண்டு: சக்கரம் பெரிதானால் அதே டிஸ்க், அதே கால் பலத்துக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் அதே 5 சதவீதம் குறைகிறது. அழகுக்காகப் போட்ட ரிம் பிரேக்கைக் கொஞ்சம் தின்றுவிடும். 12 அங்குலத்திலேயே நல்ல கம்பெனி டயர் நான்கு போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் வண்டி தாழ்ந்து நன்றாகத் திரும்பும் என்கிறார்களே?

தாழும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு தட்டும். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், ஆனால் அது அமுங்க இருந்த இடமும் போய்விடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சஸ்பென்ஷன் எல்லை மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். அந்த அடி ஷாக்குக்கும் பாடிக்கும் நேராகப் போகும். கேஸ் கட்டரால் வெட்டினால் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய், அங்கேயே முறியும்.

வேறு வண்டியின் ஸ்பிரிங் போடுவதானால் தடிமன் அளக்கும் வெர்னியர் எடுத்துப் போங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் படியைப் பொறுத்தது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து கம்பி மட்டும் 10 மி.மீ.-இலிருந்து 11 ஆனால் விறைப்பு 46 சதவீதம் கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எல்பிஜி சிலிண்டர் வைத்து பின்பக்கம் தொங்கிப்போன வண்டிக்கு, நல்ல நிலையில் உள்ள அதே மாடல் பின் ஸ்பிரிங் ஜோடியை ஸ்கிராப்பிலிருந்து போடுவது நியாயமான வேலை. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பாருங்கள். கீழ்ச் சுற்றில், மண் தங்கும் இடத்தில், துருவைச் சுரண்டி விரிசல் தேடுங்கள்.

பழைய ஷாக் நன்றாக இருந்தால்?

ஷாக்கைக் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கம்பி வளைந்திருந்தாலோ ஆயில் கசிந்திருந்தாலோ தெரியும், உள்ளே வால்வு தேய்ந்திருந்தால் தெரியாது. புதிதாக, முன் இரண்டும் ஜோடியாக, பின் இரண்டும் ஜோடியாக வாங்குங்கள். ஸ்டிரட்டின் மேல் மௌண்ட் ரப்பரையும் பேரிங்கையும் அப்போதே மாற்றினால் ஒரே கழற்றலில் முடியும். ஸ்பிரிங்கைக் கழற்ற கம்ப்ரஸர் கருவி கட்டாயம். கயிறு கட்டிக் கழற்றும் ஆட்களிடமிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள்.

சஸ்பென்ஷனில் குறைந்த செலவில் அதிக வித்தியாசம் எதில் தெரியும்?

புஷ்களில். குறிப்பாக முன் ஸ்டெபிலைசர் பாரும் லோயர் ஆர்மும் சேரும் இடத்து ரப்பர். 800-இல் அந்தப் பார் வண்டி சாய்வதை மட்டும் தடுப்பதில்லை, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். ரப்பர் போனால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ‘காலிப்பர் போச்சு’ என்று பிரேக்கைக் கழற்றுவார்கள், குற்றவாளி ஒரு சின்ன ரப்பராக இருக்கும். பின்னால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ராடுகளின் புஷ்களும் அப்படித்தான். பாலியூரிதேன் புஷ் கிடைத்தால் கெட்டியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு குலுக்கலும் உள்ளே கேட்கும். சாதாரண ரப்பரே போதும்.

புஷ் மாற்றிய பிறகு, வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போது போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முடித்ததும் வீல் அலைன்மெண்ட்.

1983-86 மாடலில் பின்னால் லீஃப் ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். 1986-இல் வந்த அடுத்த மாடலில்தான் பின்னால் காயில் வந்தது. பாடியின் அடிப்பக்கமே வேறு. அந்த முதல் மாடல் இப்போது பழங்கால வண்டிப் பிரியர்கள் தேடி அலையும் பொருள். அசலாக இருக்க இருக்கத்தான் மதிப்பு. லீஃப் ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் கொடுத்து வளைவு எடுத்து, புது புஷ், ஷேக்கில் பின் போட்டால் நன்றாகவே ஓடும்.

கொல்லிமலை, வால்பாறை இறக்கத்தில் பிரேக் மெதுவாகிவிடுகிறது. பெரிய டிஸ்க் உதவுமா?

இங்கே மட்டும் டிஸ்க் அளவுக்குப் பொருள் உண்டு, ஏனென்றால் இது சூட்டின் பிரச்சினை. ஆட்களோடு 900 கிலோ வரும் 800-ஐ 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 220 கிலோஜூல். அதே வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் கரைக்க வேண்டியது ஏறக்குறைய 8,800 கிலோஜூல். 80-இலிருந்து நாற்பது முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் எந்த டிஸ்க்கும் காயும்.

இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஆற்றலில் பெரும்பங்கை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு, தேவைப்படும்போது அழுத்தமாகப் பிடித்து மறுபடி விடுங்கள். கூடவே பிரேக் ஆயில். புதிதாகத் திறந்த டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அது 230-உம் 155-உம். கொதித்தால் பைப்பில் ஆவி சேரும், பெடல் தரைக்குப் போகும். மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் டாட் 4-க்கு மாறி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றினால் போதும். சிலிக்கானால் ஆன டாட் 5 வேறு ஜாதி. அதைக் கலக்கவே கூடாது.

ஆர்டிஓவில் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

800-இன் காலிப்பருக்குப் பதில் இன்னொரு 800-இன் காலிப்பர் போடுவது பழுதுபார்ப்பு, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் மாற்றம், பாடிக்கு வெளியே நீட்டும் சக்கரம், வெட்டிய ஸ்பிரிங் ஆகியவற்றில்தான் மாட்டுவீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போய் நிற்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் இதையெல்லாம் பார்ப்பார்.

திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால்?

பில் கேளுங்கள். வண்டி எண்ணோ, எந்த மாடலிலிருந்து எடுத்தது என்ற விவரமோ எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். காலிப்பருக்கு எண் இல்லை, யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் காரணம் இருக்கும்.

இதெல்லாம் நானே வீட்டில் செய்யலாமா?

பேட், லைனர் மாற்றுவது, புஷ் மாற்றுவது, ஏர் எடுப்பது பழகினால் வரும். பைப்பின் முனையை விரித்து ஃபிளேர் செய்வது, பேரிங் பிரஸ் செய்வது போன்ற வேலைகளுக்குப் பட்டறை வேண்டும். பைப் போடுகிறவர் சாதாரணச் செம்புக் குழாய் எடுத்து வந்தால் தடுங்கள். ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போடும் அந்தக் குழாய் அதிர்வில் இறுகிப்போய் முறியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. சாலைக்கு எடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது. யாரையாவது நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று பாருங்கள்.

பிறகு ஆளில்லாத மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் சில முறை நிறுத்துங்கள். ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். அது சரி என்றால், போக்குவரத்து இல்லாத சாலையில் 50-இலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். புது பேட் டிஸ்க்கோடு படிய இது வேண்டும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு ஆறவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின் இரண்டும் ஒரே சூட்டில். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் காலிப்பரையோ ஹோஸையோ மறுபடி கழற்ற வேண்டியதுதான். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கி, பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.